ஓதுபள்ளியும் ஒழுக்கக் கல்வியும்

1. முன்னுரை

தமிழில் ‘பள்ளி’ என்னும் சொல் நெடிய வரலாறு உடையது. படுக்கையையும் உறைவிடத்தையும் குறித்த அச்சொல், பின்னர்ச் சமண பௌத்தத் துறவியர் தங்கிய இடங்களைக் குறித்தது. அத்துறவியர் ஆங்கே சிறார்க்குக் கல்வி புகட்டியமையின் அது கல்விநிலையத்தின் பெயராகவும் ஆயிற்று என்பர் அறிஞர். இஸ்லாம் தமிழகக் கடற்கரையூர்களில் கால்கொண்டபோது, தமிழ் முஸ்லிம்கள் தம் வழிபாட்டிடத்திற்கு அயற்சொல்லை நாடாது ‘பள்ளிவாசல்’ என்றே பெயரிட்டு வழங்கினர். ‘ஓதுதல்’ என்னும் சொல்லும் அத்தகையதே. தொல்காப்பியம் பிரிவிற்குரிய காரணங்களுள் ஒன்றாக ஓதலைக் கூறுகின்றது. சைவத் திருக்கோயில்களில் திருமுறை பாடுவோர் ஓதுவார் எனப்படுகின்றனர். தமிழ் முஸ்லிம்களோ குர்ஆன் பயில்வதை ஓதுதல் என்றும், பயிலும் இடத்தை ஓதுபள்ளி என்றும் வழங்குகின்றனர். சமயங்கள் வேறாயினும் கல்வியைக் குறிக்கும் சொற்கள் பொதுவாய் நின்றன. இஃது எண்ணத்தக்கது.

இவ்வோதுபள்ளிகளில் சிறார்க்கு ஒழுக்கம் எவ்வாறு கற்பிக்கப்பட்டது? கற்பிக்கும் கருவி ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து இன்று மின்திரைக்கும் மாறிய காலங்களில் அக்கல்வி என்னவாயிற்று? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும். இன்று பெற்றோரும் ஆசிரியரும் திறன்பேசியால் சிறார் ஒழுக்கம் சிதைகின்றது என்று கவல்கின்றனர். அக்கவலை பொய்யன்று, எனினும் வரலாற்றின் ஒளியில் அதனை நோக்குதல் வேண்டும். கருவி மாறியமையால் மட்டும் ஒழுக்கக் கல்வி கெட்டதில்லை என்பதும், பொருளுரைத்து நடந்து காட்டும் ஆசிரியர் விலகிய இடத்திலேயே அது நலிந்தது என்பதும் ஈண்டு நிறுவப்பெறும்.

2. ஒழுக்கமும் அக்லாக்கும்

அரபுமொழியில் ஒழுக்கத்தைக் குறிக்கும் ‘அக்லாக்’ என்பது ‘குலுக்’ என்பதன் பன்மை. படைப்பைக் குறிக்கும் ‘கல்க்’ என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரினின்று தோன்றியவை. புறவடிவம் கல்க், அகவடிவம் குலுக். இமாம் கஸ்ஸாலி (1058-1111) தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில், உள்ளத்தில் வேரூன்றி நின்று, ஆராய்ந்து தயங்காமலே செயல்களை எளிதிற் பிறப்பிக்கும் நிலையே குலுக் என விளக்குகின்றார். ஒரு முறை ஈந்தவன் ஈகைக்குணம் உடையவன் ஆகான். ஈதல் அவனுக்கு இயல்பாதல் வேண்டும் என்பது கருத்து.

தமிழ்ச் சொல்லாகிய ‘ஒழுக்கம்’ ‘ஒழுகு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. நீர் இடையறாது ஒழுகுதல் போல இடையறாது நிகழும் நடத்தையே ஒழுக்கம். வள்ளுவர் ஒழுக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தமையும், அதனை இல்லறவியலில் வைத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கன. ஒரு மொழி உள்ளத்தின் நிலையையும் மற்றொரு மொழி நடையின் தொடர்ச்சியையும் முதன்மைப்படுத்தினும், இரண்டும் வந்து சேரும் இடம் ஒன்றே: ஒழுக்கம் என்பது அறியப்படும் செய்தி அன்று, பழகிப் பெறும் பண்பு. ஆகவே அதனைக் கற்பிக்க நூல் மட்டும் போதாது என்பது அச்சொற்களிலேயே அடங்கியுள்ளது. பத்தாம் பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மிஸ்கவைஹ் முதலாகப் பலர் ஒழுக்கவியல் பற்றி அரபுமொழியில் எழுதினர். அவர்களுட் பலரும் இளமைப் பழக்கத்தையும் நல்லோர் சேர்க்கையையும் வற்புறுத்துவர்.

3. ஓதுபள்ளியின் இயல்பு

ஓதுபள்ளி பெரும்பாலும் பள்ளிவாசலின் ஒரு பகுதியிலோ, ஆலிம் அல்லது லெப்பையின் வீட்டுத் திண்ணையிலோ நடைபெறுவது. மரப்பலகையில் மையால் எழுதி, ஓதி, மனப்பாடமானதும் கழுவி, மீண்டும் எழுதும் வழக்கம் முஸ்லிம் உலகெங்கணும் இருந்தது. எழுத்துகளை அறிதல், கூட்டி ஒலித்தல், குர்ஆனின் சிறு அத்தியாயங்களை மனனம் செய்தல், தொழுகை முறையைப் பழகுதல் என அக்கல்வி படிப்படியாக அமைந்தது. பாடம் கேட்கும் முறை சிறப்பாகக் கருதத்தக்கது. மாணவன் ஓத, ஆசிரியர் செவிமடுத்துத் திருத்துவார். திருந்தியபின்னரே அடுத்த பாடம். எழுத்தை நோக்கித் தானே படித்தல் கல்வியாகக் கருதப்படவில்லை. ஒருவர் வாய்க் கேட்டலே கல்வி எனப்பட்டது.

ஒழுக்கத்திற்கெனத் தனிப் பாடவேளை ஆங்கு இல்லை. காலணியைக் கழற்றி ஒழுங்காக வைத்தல், கைகால் கழுவித் தூய்மை செய்தல், முன்வந்தோர்க்கு இடம் விடுதல், பெரியோர்க்கு முகமன் கூறுதல், மறையேட்டைத் தாழ வையாமை ஆகிய சிறுசெயல்களின் தொகுதியே அப்பாடம். இதனை அரபியர் ‘அதப்’ என்பர். ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் ஸர்னூஜி என்பார் இயற்றிய ‘தஅலீமுல் முதஅல்லிம்’ என்னும் சிறுநூல், கற்போனின் நோக்கம், ஆசிரியரைத் தேர்தல், உடன்பயில்வோரைத் தேர்தல், கல்வியையும் கற்பிப்போரையும் மதித்தல் என்று இப்பொருளையே இயல்களாக வகுத்துக் கூறுகின்றது. நம் நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியன் இயல்பும் மாணாக்கன் இயல்பும் கூறுவதோடு இதனை ஒப்பிட்டு ஆராய்தல் பயன்தரும்.

உயர்கல்வியில் இம்முறை ‘இஜாஸா’ என்னும் இசைவாக வளர்ந்தது. ஒரு நூலை ஆசிரியர் முன்னிலையில் முற்றக் கற்றவனுக்கு, அதனைப் பிறர்க்குக் கற்பிக்க அவர் இசைவு வழங்குவார். அவர் யாரிடம் கற்றார், அவர்தம் ஆசிரியர் யாரிடம் கற்றார் என்னும் வரிசை ‘ஸனது’ எனப்படும். நபிமொழிகளை ஏற்பதிலும் தள்ளுவதிலும் அவற்றை அறிவித்தோர் வரிசையே முதற்கண் ஆராயப்பட்டது. அறிவித்தவன் நினைவாற்றல் உடையவனா என்று கேட்டதோடு அமையாது, வாய்மை உடையவனா, நேர்மையாளனா என்றும் கேட்டனர். ஒரு செய்தியின் உண்மை, அதனைச் சொன்னவனின் ஒழுக்கத்தைச் சார்ந்து நின்றது. அறிவையும் ஒழுக்கத்தையும் இங்ஙனம் பிரிக்கவியலாதபடி பிணைத்தமை இக்கல்விமரபின் தனிச்சிறப்பு எனலாம்.

இம்மரபில் குறைகள் இல்லை என்று கொள்ளற்க. பிரம்பின் ஆட்சி ஓதுபள்ளியிலும் திண்ணைப்பள்ளியிலும் ஒத்தே இருந்தது. வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332-1406) தம் ‘முகத்திமா’வில், கடுமையால் வளர்க்கப்படும் சிறார் சோம்பலும் பொய்யும் வஞ்சகமும் பழகுவர் எனத் தெளிவாக எச்சரிக்கின்றார். ஒழுக்கம் கற்பிக்கும் முறையே ஒழுக்கக்கேட்டை விளைக்கும் என்பது அவர் கண்ட உண்மை. பொருளறியாது ஒலியை மட்டும் மனனம் செய்தல் மற்றொரு குறை. இக்குறையைப் போக்கத் தமிழ் முஸ்லிம்கள் கண்ட வழிகளே இலக்கிய வரலாற்று மாணவர்க்கு மிகுந்த சுவை பயப்பன.

4. மசலாவும் மாலையும்

தமிழில் இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமிய நூல்களுள் பழமையானது வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ‘ஆயிரமசலா’. அதன் காலம் 1572. ‘மசலா’ என்பது வினாவைக் குறிக்கும் அரபுச்சொல்லின் தமிழ்வடிவம். யூத அறிஞராகிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபிகள் நாயகத்திடம் வினவ, அவர் விடையிறுப்பதாக அந்நூல் அமைந்துள்ளது. தமிழ் முஸ்லிம்களின் இலக்கியம் நமக்குக் கிடைக்கும் தொடக்கத்திலேயே வினாவிடை வடிவில் நிற்பது தற்செயலன்று. அது வகுப்பறையின் வடிவம். பின்னெழுந்த நூறுமசலா, வெள்ளாட்டி மசலா ஆகியவற்றில் வினவுவோரும் விடையிறுப்போரும் பெண்களாகவும் வருகின்றனர். வெள்ளாட்டி மசலாவில் பணிப்பெண் ஒருத்தி கற்றறிந்தோர் வினாக்களுக்கு விடை கூறி வெல்கின்றாள். அறிவிற்கும் பண்பிற்கும் குலமும் செல்வமும் அளவாகா என்னும் கருத்து, கதையின் வாயிலாகச் சிறார் நெஞ்சிற் பதிந்தது.

மசலாவோடு கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் ஆகிய புதிய வகைகளும், மாலை, அந்தாதி, பிள்ளைத்தமிழ், தாலாட்டு முதலிய தமிழ் வகைகளும் அம்மக்களிடையே பயின்றன. ‘பெண்புத்தி மாலை’ போன்ற நூல்கள் அறிவுரையையே பொருளாகக் கொண்டவை. அவற்றுள் கூறப்படும் கருத்துகள் சில இன்றைய பெண்கல்வி நோக்கிற்கு ஒவ்வாதன. எனினும், வீட்டகத்துப் பெண்டிர்க்கும் ஒழுக்கநூல் வேண்டும் என்று கருதிய சமுதாயத்தை அவை காட்டுகின்றன. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட முற்பட்டபோது, காயல்பட்டினத்தில் தோன்றிக் கீழக்கரையில் அடங்கிய பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பா (1632-1703) அவர்களை நாடியதாக மரபு கூறுகின்றது. அரபுப் பேரறிஞரும் தமிழ்ப் பெரும்புலவரும் இங்ஙனம் சந்தித்த இடத்திலேதான் தமிழ் முஸ்லிம்களின் ஒழுக்கக் கல்வி தன் மொழியைப் பெற்றது. நபிகள் நாயகத்தின் பொறையும் வாய்மையும் தமிழ் விருத்தத்தில் ஓதப்பட்டபோது, கேட்டோர்க்கு அவை அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

5. அரபுத்தமிழ்

குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தை அறிந்த சிறுவனுக்கும் சிறுமிக்கும், அவ்வெழுத்தாலேயே தமிழ்ப்பொருளைத் தருதல் கூடுமா? கூடும் எனக் காட்டியது அரபுத்தமிழ் என்னும் எழுத்துமுறை. அரபு நெடுங்கணக்கில் 28 எழுத்துகள் உள்ளன. ப, ட, ண, ள, ழ, ற, ங, ஞ முதலிய தமிழொலிகளுக்கு அவற்றில் இடமில்லை. எனவே ஒலியால் நெருங்கிய எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகள் அமைக்கப்பட்டன. அரபில் தனிக்குறி பெறாத எகர ஒகரங்களுக்கும் குறிகள் வகுக்கப்பட்டன. எழுத்து வலமிருந்து இடம் செல்லும், மொழியோ தமிழ்.

இம்முறையால் விளைந்த நன்மையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். உள்ளத்தைக் குறிக்கும் அரபுச்சொல்லும் நாயைக் குறிக்கும் அரபுச்சொல்லும் தமிழெழுத்தில் ‘கல்பு’ என்று ஒன்றாகவே எழுதப்படும். அரபுத்தமிழில் முதலெழுத்து வேறாதலின் மயக்கம் நேராது. சமயச் சொற்களின் திருத்தமும் தாய்மொழியின் தெளிவும் ஒருங்கே கிட்டின. பள்ளிக்கூடம் செல்லும் வாய்ப்பற்ற பெண்டிர், ஓதக் கற்ற எழுத்தைக்கொண்டே சட்டநூலும் அறிவுரை நூலும் படித்தனர். மலையாளக் கரையில் அரபு மலையாளமும், சாவகத்தில் பெகோன் எழுத்தும் இத்தேவையினின்றே எழுந்தன. அரபு மலையாளத்தில் 1607இல் இயற்றப்பட்ட ‘முஹ்யித்தீன் மாலை’ குறிப்பிடத்தக்கது.

அரபுத்தமிழின் வரலாற்றில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என வழங்கும் செய்யிது முஹம்மது ஆலிம் (1816-1898) உயர்ந்த இடம் பெறுகின்றார். காயல்பட்டினத்திற் பிறந்து, கீழக்கரைத் தைக்கா சாகிபு அவர்களின் மருகராகி, அவ்வூரில் கல்விப்பணி புரிந்த இவர், இலங்கைக்கும் பலகாற் சென்று கற்பித்தார். ‘மகானி’, ‘பத்ஹுத் தய்யான்’ ஆகிய இவர்தம் நூல்கள், கடமைகளையும் விலக்குகளையும் பொதுமக்கள் தம் மொழியிலேயே அறிந்துகொள்ளச் செய்தன. வழிபாட்டு விதிகளோடு உள்ளத்தின் குற்றங்களையும் கூறுவது இவ்வகை நூல்களின் இயல்பு. பொறாமை, தற்பெருமை, புறங்கூறல் என்பன தொழுகை நோன்பு என்பனவற்றோடு ஒருசேரக் கற்பிக்கப்பட்டன.

6. அச்சின் வரவு

அச்சு எந்திரத்தை முஸ்லிம் அறிஞர் நெடுங்காலம் ஏற்கத் தயங்கினர் என்பது வரலாறு. உதுமானியப் பேரரசில் இப்ராஹிம் முதபரிக்கா 1727இல் அச்சகம் நடத்த இசைவு பெற்றபோதும், சமயநூல்கள் அவ்விசைவினுள் அடங்கவில்லை. இத்தயக்கத்திற்குரிய காரணத்தை வரலாற்றறிஞர் பிரான்சிஸ் ராபின்சன் 1993இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். அறிவு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நேரிற் செல்லவேண்டும் என்னும் கொள்கையை அச்சு தாக்கியது. ஆசிரியரின்றி எவரும் நூலைப் பெற்றுத் தாமே பொருள் கொள்ளலாம் என்னும் நிலை வந்தது. அத்தயக்கத்தின் வேர் இதுவே என்பது அவர் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய முஸ்லிம் அறிஞர் கல்லச்சை விரைந்து ஏற்றனர். கல்லச்சு கையெழுத்தின் வடிவத்தை அவ்வாறே காத்தமை அதற்கு ஒரு துணையாயிற்று.

தமிழகத்தில் சீறாப்புராணம் 1842இல் ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் அவர்களின் முயற்சியால் அச்சேறியது. அரபுத்தமிழ் நூல்கள் கல்லச்சில் பெருகின. ஈண்டு ஒன்று நோக்குக. அச்சு வந்தமையால் ஓதுபள்ளி அழிந்திலது. நூல் வீடுதோறும் புகுந்தது. அதனை ஓதிக் காட்டவும் பொருள் விரிக்கவும் ஆலிம்களும் பெரியோரும் இருந்தமையின், ஆசிரியர்தம் இடம் நூலால் நிரப்பப்படவில்லை. நூல் ஆசிரியரின் கைக்கருவியாயிற்று.

இலங்கையில் கண்டியைச் சார்ந்த அறிஞர் சித்திலெப்பை (1838-1898) இன்னும் ஒருபடி முன்சென்றார். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிய அவர், 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழ் நாவல் வரலாற்றின் தொடக்க நூல்களுள் அஃது ஒன்று. பொருளறியாது ஓதும் முறையை அவர் குறை கூறினார். அரபு, தமிழ், ஆங்கிலம் மூன்றும் கற்கவேண்டும் என்றார். சிறார்க்குப் பாடநூல்கள் எழுதினார். பெண்குழந்தைகளின் கல்விக்கும் உழைத்தார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883 முதல் இலங்கையில் வாழ்ந்த அராபி பாஷாவின் ஊக்கமும் இம்முயற்சிகளுக்குத் துணைநின்றது. 1892இல் கொழும்பில் நிறுவப்பட்டுப் பின் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த கல்விக்கூடம் அம்முயற்சிகளின் விளைவு. புதிய கருவியும் புதிய பாடமும் ஒழுக்கத்திற்குப் பகை என்று சித்திலெப்பை கருதவில்லை. பொருளற்ற மனனமே பகை என்று கருதினார்.

7. சென்னையின் பங்கு

சென்னை நகரின் வரலாறு மற்றொரு போக்கைக் காட்டுகின்றது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் அழைப்பை ஏற்று வந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலி, 1810இல் மறையும்வரை இந்நகரிற் கற்பித்தார். வடநாட்டு மதரசாக்களின் பாடத்திட்டத்தை வகுத்த இலக்குமணபுரி முல்லா நிஜாமுத்தீனின் மைந்தர் அவர். அவர்தம் அடக்கவிடம் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேலூரில் ஷா அப்துல் வஹாப் ஹஸ்ரத் அவர்கள் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும், அந்நூற்றாண்டின் இறுதியில் பெரம்பூரில் ஜமால் முகைதீன் சாகிபு நிறுவிய ஜமாலியா அரபுக் கல்லூரியும் தமிழகத்திற்கு ஆலிம்களை வழங்கின. அப்துல் ஹமீது பாகவி குர்ஆனுக்குத் தமிழ்மொழிபெயர்ப்பு இயற்றினார். ‘பாகவி’ என்னும் அவர்தம் பட்டம் வேலூர்க் கல்விநிலையத்தின் பெயரால் அமைந்ததாகும். உருதுமொழியின் செல்வாக்கு மிகுந்த சூழலிற் பயின்றோரும் தமிழுக்கே திரும்பவேண்டியிருந்தமையை இது காட்டும்.

1925இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தின் அழைப்பின்பேரில் மௌலானா சையது சுலைமான் நத்வி சென்னையில் எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். ‘குத்பாதே மதராஸ்’ என அவை நூலாயின. அறவுரை மட்டும் மாந்தரைத் திருத்தாது. அதன்படி வாழ்ந்து காட்டிய ஒருவரின் வரலாறு வேண்டும் என்பது அப்பொழிவுகளின் அடிப்படை. 1927இல் மர்மதூக் பிக்தாலும், 1929இல் முகம்மது இக்பாலும் இந்நகரில் உரையாற்றினர். இவ்வைந்தாண்டுகளில் சென்னை மேடையில் எழுந்த இவ்வுரைகளின் உள்ளுறை ஒன்றே எனலாம்: புதிய கல்வியைப் பெறும் முஸ்லிம் இளைஞன் எதனைப் பற்றுக்கோடாகக் கொள்வான்?

அவ்வினாவிற்கு நிறுவனங்களும் விடை தேடின. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் தோன்றின. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக்குழு, முஸ்லிம்களின் மரபுவழிப் பள்ளிகள் பொதுப்பாடங்களையும் சேர்த்துக்கொள்ள ஊக்குவிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்திருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, முழுவதும் அரசுப் பணத்தால் நடைபெறும் கல்விநிலையங்களில் சமயப்போதனை கூடாதென 28ஆம் பிரிவிலும், சிறுபான்மையினர் தம் கல்விநிலையங்களை நிறுவி நடத்தலாம் என 30ஆம் பிரிவிலும் விதித்தது. இவற்றின் விளைவாகப் பெரும்பாலான சிறார்க்குப் பொதுக்கல்வி பகற்பள்ளியிலும், சமயக்கல்வி காலை மாலையில் ஓரிரு மணிநேர மக்தபிலும் எனக் கல்வி இருகூறாயிற்று. தமிழெழுத்தறிவு பரவியதால் அரபுத்தமிழின் தேவையும் குறைந்தது. கேரளத்தில் 1951இல் அமைந்த சமஸ்தக் கல்வி வாரியம் அரபு மலையாளப் பாடநூல்களைத் தொடர்ந்து பேணியமையால் ஆங்கு அவ்வெழுத்து நிலைத்தது. தமிழகத்திலோ அரபுத்தமிழ் முதியோர் நினைவிலும் பழைய பேழைகளிலும் ஒதுங்கியது. அதனோடு, பொருளைத் தாய்மொழியில் விரித்துரைக்கும் பழைய நூல்வரிசையும் வழக்கொழிந்தது. மின்னணுக் காலத்திற்கு முன்னரே நேர்ந்த இழப்பு இது. இதனை மறந்து எல்லாப் பழியையும் திரையின்மேற் சுமத்துதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

8. மின்னணுக் காலம்

திருவான்மியூருக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த பாலவாக்கம் முதலிய ஊர்கள் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கேயுள்ள பழைய மாமல்லபுரம் சாலை கணினித் தொழிலின் களமாயிற்று. மீனவர் குப்பங்களும் அடுக்ககங்களும் அடுத்தடுத்து நிற்கும் இக்கடற்கரைப் பகுதியில் பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்தோர் வாழ்கின்றனர். ஊர் ஒன்றாய் இருந்து ஓதுபள்ளியைப் பேணிய நிலை வேறு. அண்டைவீட்டார் மொழியும் அறியாத அடுக்ககத்தின் நிலை வேறு. தனிப்பயிற்சி வகுப்பிற்கும் மக்தபிற்கும் மாலைப்பொழுது ஒன்றே. ஆகவே, எங்கோ இருக்கும் ஆசிரியர் திரையில் ஓதக் கற்பித்தல் பெற்றோர்க்கு ஏற்புடையதாகின்றது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வகுப்புகள் வரை மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1ஆம் நாளிலேயாம். ஏறத்தாழ 19 மாதங்கள் இளஞ்சிறார் கல்வி வீட்டகத்தே நிகழ்ந்தது. அக்காலத்தில் ஓதுபள்ளிகளும் இயன்றவரை இணையத்தை நாடின. எழுத்தும் ஒலிப்பும் திரைவழியே கற்பிக்கலாயின. ஆயினும் காலணியை வரிசையாக வைத்தலும், இளையோனுக்கு இடம் விடுதலும், ஆசிரியர் சினந்தும் அடங்கிய காட்சியும் திரைவழியே வாரா. பாடம் வந்தது, அதப் வரவில்லை.

எனினும் மின்னணுக் கருவியால் விளைந்த நன்மை சிறிதன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாகச் சீறாப்புராணம் எவரும் விலையின்றிப் படிக்கக் கிடைக்கின்றது. 2005இல் ஈழத்தில் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கை முஸ்லிம் எழுத்தாளர் நூல்களையும் பேணுகின்றது. ஒருகாலத்தில் ஓரூர்ப் பேழையிற் கிடந்த ஏடு, இன்று உலகெங்கணும் உள்ள தமிழர்க்கு எட்டுகின்றது. பார்வைக் குறையுடையோர் கேட்டுக் கற்கவும், தொலைவில் உள்ள பெண்டிர் இல்லத்திலிருந்தே பயிலவும் வழி பிறந்துள்ளது.

தீமை எங்கே உள்ளது? மூன்று இடங்களிற் காணலாம். முதலாவது, ஸனது அற்ற செய்தி. சொன்னவர் யார், எங்கே கற்றார் என்பதறியாத துண்டுரைகள் சமயத்தின் பெயரால் கைக்குக் கை பரவுகின்றன. கேட்டதையெல்லாம் பிறர்க்குச் சொல்லுதலே ஒருவன் பொய்யனாதற்குப் போதும் என்னும் கருத்துடைய நபிமொழியை, இமாம் முஸ்லிம் (மறைவு 875) தம் தொகைநூலின் முன்னுரையிலேயே வைத்துள்ளார். வரும் செய்தியைத் தெளிந்து ஆய்க எனக் குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் பணிக்கின்றது. அறிவிப்போர் வரிசையை ஆராய்வதற்கென ஒரு கலையையே படைத்த சமுதாயத்தின் சிறார், இன்று பெயரற்ற செய்தியை ஆராயாது அனுப்புகின்றனர் எனில், அக்குறை கருவியுடையதன்று. ஹதீஸ்கலையை மனனப் பாடமாக வைத்து, நாள்வாழ்வின் ஒழுக்கமாகக் கற்பியாத கல்விமுறையுடையது.

இரண்டாவது, நாவின் குற்றம் விரலின் குற்றமாதல். கஸ்ஸாலி நாவின் கேடுகளைப் பற்றித் தனிப்பகுதி எழுதினார். புறங்கூறல் வாயால் மட்டும் நிகழ்வதன்று. சைகையாலும், நடித்துக் காட்டுதலாலும், எழுத்தாலும் நிகழும். எழுதுகோலும் ஒரு நாவே என்பது அவர் விளக்கம். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் கூறப்பட்ட இவ்விளக்கம் இன்றைய குறுஞ்செய்திக்கும், பிறரை எள்ளும் படத்திற்கும் அப்படியே பொருந்துகின்றது. பிறர் காண நற்செயல் புரியும் ‘ரியா’ என்னும் குற்றத்தை அவர் ஆராய்ந்த பகுதியும், தொழுகையையும் ஈகையையும் படமெடுத்து விருப்பக்குறி தேடும் வழக்கத்திற்குரிய மருந்தாகும். இந்தோனேசிய உலமா சபை 2017இல் சமூக ஊடகப் பழக்கம் பற்றி வெளியிட்ட 24ஆம் எண் தீர்ப்புரை, புறங்கூறலையும் அவதூறையும் பொய்ச்செய்தி பரப்புதலையும் விலக்கியது. பெகோன் எழுத்தில் வரிக்கு வரி தாய்மொழிப் பொருள் எழுதிப் பயின்ற மரபையுடைய நாடு, பழைய ஒழுக்கநூலைப் புதிய கருவிக்குப் பொருத்தியமை நாம் கருதத்தக்கது.

மூன்றாவது, தாய்மொழியின் விலகல். திரைவழி வரும் சமய உரைகளுட் பல ஆங்கிலத்திலும் உருதுவிலும் அமைந்தவை. ஆங்கிலவழிப் பள்ளியிற் பயிலும் சிறார்க்கு அவை எளியனவாகத் தோன்றலாம். ஆனால் பொறை, வாய்மை, இன்னாசெய்யாமை, நாண் ஆகிய சொற்கள் தமிழிற் பெற்ற ஆழத்தை அவர்கள் இழக்கின்றனர். தாய் கண்டிக்கும் மொழியும் தந்தை புகழும் மொழியும் ஒன்றாகவும், ஒழுக்கம் கற்பிக்கும் மொழி வேறாகவும் இருப்பின், ஒழுக்கம் வகுப்பறைப் பொருளாய் நின்றுவிடும், இல்லத்துள் நுழையாது. அண்டைவீட்டுப் பிற சமயச் சிறாரோடு பகிர்ந்துகொள்ளும் அறச்சொற்களும் குறையும். பள்ளி, ஓதுதல், தொழுகை, நோன்பு என்று தமிழ்ச்சொற்களைத் தம் சமயத்திற்கு உரிமையாக்கிய ஒரு சமுதாயத்திற்கு இது பேரிழப்பு. தமிழுக்கும் இழப்பே.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ஓதுபள்ளியின் வரலாற்றில் எழுதுகருவி பன்முறை மாறியுள்ளது. ஒவ்வொரு மாற்றத்திலும் அறிஞர் சிலர் தயங்கினர், பலர் ஏற்றனர். பலகையும் ஏடும் இருந்த காலத்திலும் பொருளற்ற மனனமும் பிரம்பும் ஆண்ட இடத்தில் ஒழுக்கம் வளரவில்லை என்பதற்கு இப்னு கல்தூனும் சித்திலெப்பையும் சான்று. புதிய எழுத்தும் அச்சும் வந்த காலத்திலும், தாய்மொழியிற் பொருளுரைக்கும் ஆசிரியர் உடனிருந்த இடத்தில் அது வளர்ந்தது என்பதற்குக் கீழக்கரையும் கண்டியும் சான்று.

ஆகலின் இன்று செய்யத்தக்கவை தெளிவு. எழுத்தையும் ஒலிப்பையும் திரை கற்பிக்கட்டும்; மக்தபில் மிஞ்சும் ஒரு மணிநேரத்தை ஆசிரியர் மனனத்திற்குச் செலவிடாது, உரையாடலுக்கும் உடன்வாழ்தலுக்கும் செலவிடல் வேண்டும். ஸனது என்னும் பழைய கருத்தைச் செய்தி பகிர்தலின் ஒழுக்கமாகக் கற்பித்தல் வேண்டும். மசலா என்னும் வினாவிடை வடிவைச் சிறார் கேட்கும் இன்றைய வினாக்களுக்கு ஏற்பப் புதுப்பித்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கும் இதிற் கடமை உண்டு. அரபுத்தமிழ் படிக்கவல்லார் அருகி வருகின்றனர். ஏட்டைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுதல் முதற்பணியே. படித்தறிந்து தமிழெழுத்திற் பெயர்த்துப் பொருள் விளக்குவோரை உருவாக்குதலே நிறைபணி. தமிழும் அரபும் அறிந்த இளம் ஆராய்ச்சியாளர் சிலரேனும் இத்துறையிற் புகுவாராயின், பேழையிற் கிடக்கும் ஒழுக்கநூல்கள் மீண்டும் ஓதுபள்ளியை அடையும். படிப்பார் இல்லாத ஏட்டிற்குப் பேழையில் இருப்பினும் திரையில் இருப்பினும் வேறுபாடு இல்லை.